ஓராண்டில் இரண்டு அடாப்டர்கள் போவது ஏன்?

காங்கேயத்துக்கு அருகே தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) குடியிருக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். ஓராண்டுக்குள் மடிக்கணினியின் அடாப்டர் இரண்டு முறை போய்விட்டது. மூன்றாவதாகக் குறைந்த விலைக்கு வாங்கியதைச் சொருகினால் ‘அடாப்டரின் வகை தெரியவில்லை’ என்று திரையில் அறிவிப்பு வருகிறது, பேட்டரி ஏறுவதில்லை. மடிக்கணினியின் மேல் கை வைத்தால் சுருசுருவென்கிறது. 65 வாட்டுக்குப் பதில் 90 வாட் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். மேசைப் பக்கம் பிளக் பாயின்ட் இல்லாததால் கூடத்திலிருந்து பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்திருக்கிறார்கள். எதை மாற்ற வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

90 வாட் அடாப்டர் உங்கள் வீட்டில் எதையும் சரிசெய்யாது. நீங்கள் எழுதியிருப்பது ஒரே கோளாறு அல்ல. சுருசுருப்பு எர்த் (மண்ணோடு இணைக்கும் கம்பி) சம்பந்தப்பட்டது. ‘வகை தெரியவில்லை’ என்பது புதிய அடாப்டரின் உள்ளேயோ அதன் ஒயரிலோ இருக்கும் குறை. அடாப்டர்கள் அடுத்தடுத்துப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்கு வரும் மின்சாரத்திலோ வாங்கிய பொருளின் தரத்திலோ இருக்கும். கோயம்புத்தூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மடிக்கணினியும் யூ.பி.எஸ்ஸும் பழுது பார்த்துவரும் எனக்கு, அடாப்டரைத் தனியாக எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்கத் தோன்றுவது அது வீட்டில் எங்கே, எதில் சொருகப்பட்டிருந்தது என்பதைத்தான். சுவரிலிருக்கும் பிளக் பாயின்ட் தொடங்கி மடிக்கணினியின் துளை வரைக்கும் உள்ளது ஒரே பாதை. அதில் எந்த இடம் சன்னமாக இருக்கிறதோ அந்த இடம்தான் போகும்.

இது நம் பகுதியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. போர்வெல்லில் எண்ணூறு அடிக்கு மோட்டார் இறக்கும்போது எத்தனை எச்.பி., எத்தனை அடி, அதற்கு எத்தனை ஸ்கொயர் எம்.எம். கேபிள் என்று கணக்குப் பார்த்துத்தான் வாங்குகிறோம். கேபிள் சன்னமாக இருந்தால் கீழே போய்ச் சேருவதற்குள் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்து, காயில் கருகிவிடும் என்பதைப் பட்டறையில் காசு கொடுத்துக் கற்றவர்கள் நாம். அதே வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கும்போது எத்தனை ஓட்டை, எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்கிறோம். உள்ளே ஓடும் செம்பின் கனத்தைக் கேட்பதில்லை.

சுருசுருப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. மூன்று பின் வைத்த அடாப்டருக்குள் மின்இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறிய மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) இருக்கின்றன. ஃபேஸிலிருந்து (மின்சாரம் வரும் கம்பி) எர்த்துக்கு ஒன்றும், நியூட்ரலிலிருந்து (திரும்பிப் போகும் கம்பி) எர்த்துக்கு ஒன்றுமாக அவை இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் மூன்றாவது பின் வழியாக மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் அந்த இரண்டு மின்தேக்கிகளுக்கும் நடுவிலுள்ள புள்ளி, 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியான 115 வோல்ட் அளவில் மிதக்கும். அது மடிக்கணினியின் உலோக உடல் வரை வந்துவிடும். வெறுங்காலுடன் சிமென்ட் தரையில் நின்று தொடும்போது அந்தக் கசிவு உங்கள் வழியாக மண்ணுக்குப் போகிறது, அதுதான் சுருசுருப்பு. நல்ல அடாப்டரில் இது ஒரு மில்லியாம்பியரைக்கூட எட்டாது என்பதால் உணர்வோடு நின்றுவிடும். இந்த இடத்துக்கென்று செய்யப்படும் மின்தேக்கி, பழுதானால் இணைப்பு அறுந்து நிற்கும்படியாகவே வடிவமைக்கப்பட்டது. விலை குறைந்த போலிகளில் அந்த இடத்தில் சாதாரண மின்தேக்கியை வைத்துவிடுகிறார்கள். அது ஷார்ட் ஆனால் 230 வோல்ட் நேராக உடலுக்கு வரும். எர்த் இல்லாத வீடு, போலி அடாப்டர், ஈரக்கால் என்ற மூன்றும் சேரும் வேளையை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது. ஆகவே எர்த் சரியாகும் வரை மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுக்கொண்டு வேலை பார்க்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். ஏறக்கூடிய வேறு அடாப்டர் கிடைத்தால் அதில் சார்ஜ் ஏற்றி, கழற்றிவிட்டுப் பயன்படுத்தட்டும்.

எர்த் எங்கே அறுந்திருக்கிறது என்பதைச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகவும் உள்பக்கமாகவும் பார்க்க வேண்டும். உள்பக்கத்தில் பொதுவான குற்றவாளிகள் சில உண்டு. எக்ஸ்டென்ஷனின் ஒயர் மூன்று கோர் (உள்கம்பி) இல்லாமல் இரண்டு கோராக இருக்கும். பெட்டியில் மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருப்பதாக நம்பிவிடுவோம். எல்லா நாட்டுப் பின்னையும் ஏற்கும் யுனிவர்சல் சாக்கெட்டில் எர்த் பின் உள்ளே சரியாகக் கவ்வாமல் ஆடும். இரண்டு பின்னாக மாற்றும் சிறிய கன்வெர்ட்டரைச் சொருகியிருந்தால் எர்த் அங்கேயே முடிந்துவிடும். வெளிப்பக்கத்தில், காங்கேயம் போன்ற மழை மறைவுப் பகுதியில் எர்த் குழியே காய்ந்துபோவது உண்டு. கொரங்காட்டு (மேய்ச்சல் நில) மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் அது எவ்வளவு வறளும் என்பது தெரியும். வறண்ட மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. பழைய வீடுகளில் உப்பும் கரியும் போட்டு மூடிய குழிக்கு ஆண்டுக்கணக்கில் யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். இரண்டரை மீட்டருக்குக் குறையாத நீளத்தில் ஜி.ஐ. பைப் இறக்கி, மேலே தண்ணீர் ஊற்ற வாய் வைத்துக் கட்டிய குழியாக இருந்தால் கோடையில் வாரத்துக்கு இரண்டு குடம் ஊற்றுவதே பெரிய மாற்றம் தரும்.

எலக்ட்ரீஷியன் வந்து மல்டிமீட்டரை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் வைத்து ‘230 காட்டுகிறது, எர்த் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போனால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு என்பதால் பலவீனமான எர்த்திலும் முழு வோல்டேஜ் காட்டும். 100 வாட் குண்டு பல்பை டெஸ்ட் லேம்ப்பாக ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் அவரே பிடித்துப் பார்க்கட்டும். பல்பு வழக்கம்போல் பிரகாசமாக எரிந்தால் எர்த் உயிருடன் இருக்கிறது. மங்கினால் குழியைக் கவனிக்க வேண்டும். போர்டில் ஆர்.சி.சி.பி. (மண்ணுக்கு மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் இந்தச் சோதனையில் அது விழும், விழுவதுதான் முறை. ஆர்.சி.சி.பி. இல்லாத வீடாக இருந்தால், 30 மில்லியாம்பியர் ஒன்றை அந்த வேலையோடு வேலையாகப் போட்டுவிடுங்கள். இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். உரிமம் உள்ளவரிடம் விடுங்கள்.

அடுத்து, திரையில் வரும் அறிவிப்பு. டெல், எச்.பி. ஆகியவற்றின் வட்ட முனை அடாப்டர்களில் நடுவில் ஊசி போல ஒரு பின் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மின்சாரம் கொண்டுவருவதற்கானது அல்ல, ‘நான் இத்தனை வாட் அடாப்டர்’ என்று மடிக்கணினிக்குச் சொல்வதற்கானது. லெனோவோவின் செவ்வக முனையில் இதே வேலையை ஒரு ரெசிஸ்டர் செய்கிறது. அந்தச் செய்தி வரவில்லையென்றால் மடிக்கணினி தன் பாதுகாப்புக்காகப் பேட்டரியை ஏற்ற மறுக்கும், சில மாடல்களில் புராசஸரின் வேகத்தையும் குறைத்துவிடும். உங்கள் மகள் ‘சார்ஜ் ஏறவில்லை, மெதுவாகவும் ஓடுகிறது’ என்று சொல்லியிருந்தால் இரண்டுக்கும் காரணம் இதுவே. முனை சொருகிக்கொள்கிறது என்பதால் இரண்டும் பேசிக்கொள்ளும் என்று பொருளில்லை. அதனால் 90 வாட் போலியை வாங்கினாலும் அதே அறிவிப்பு வரும்.

வாட் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடாப்டரின் அடியில் ‘அவுட்புட்’ என்ற இடத்தில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்கினால் 65 வாட். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். முனையும் அடையாளச் செய்தியும் பொருந்த வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருப்பதால் கெடுதல் இல்லை. மடிக்கணினி தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும், அடாப்டர் திணிப்பதில்லை. ஆகவே 65 வாட் மடிக்கணினிக்கு அதே நிறுவனத்தின் 90 வாட் பொருத்தலாம், ஆனால் அதனால் கூடுதல் பயன் எதுவுமில்லை. 45 வாட்டை 65 வாட் மடிக்கணினிக்குப் போடுவதுதான் தவறு. மெதுவாக ஏறும், அல்லது ஏறாது, அடையாளம் பார்க்காத மாடலாக இருந்தால் அடாப்டர் கொதிக்கும். ‘இன்புட்’ என்ற இடத்தில் 1.5 அல்லது 1.7 ஆம்பியர் என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது 100 வோல்ட் நாடுகளையும் சேர்த்துச் சொல்லும் உச்ச அளவு. நம் 230 வோல்ட்டில் 65 வாட் அடாப்டர் முழு வேலை செய்யும்போதும் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கிறது.

அடையாளச் செய்தி அறுவதற்குப் போலி மட்டும் காரணமல்ல, ஒரிஜினலிலும் நடக்கும். சென்ற கோடையில் சூலூர்ப் பக்கமிருந்து வந்த ஒருவர், நான்கு ஆண்டுகள் உழைத்த அடாப்டரைக் கொடுத்து, “ஏனுங்க, இத மாத்தியே ஆகோணுங்களா? டேப் சுத்துனாப் பத்தாதுங்களா?” என்று கேட்டார். முனைக்கு அருகில் ஒயர் வளையும் இடத்தில் மேலுறை வெடித்திருந்தது. அவர் முன்னாலேயே அறுத்துக் காட்டினேன். வெளிப்புறத்தில் வலை போலப் பின்னியிருந்த மைனஸ் கம்பிகளில் பாதி அறுந்து, மீதி கருத்து, விரலில் தேய்த்தால் பொடியாக ஒட்டிக்கொண்டது. நடுவிலிருந்த பிளஸ் முழுதாக இருந்தது. அதன் பக்கத்தில் ஓடிய அடையாளக் கம்பி, நூல் கனம்கூட இல்லாதது, முற்றிலும் அறுந்திருந்தது. வேலை முடிந்ததும் ஒயரை அடாப்டரின் மேல் இறுக்கிச் சுற்றி வைப்பதாக அவர் சொன்னார்; அந்த இறுக்கம் தினமும் அதே ஓர் அங்குலத்தில் விழுந்திருக்கிறது. அதன் மேல் டேப் சுற்றியிருந்தால் அறுந்த வலையில் மூன்று ஆம்பியர் ஓடி, உள்ளுக்குள் சூடேறி, ஒருநாள் பிளஸ்ஸும் மைனஸ்ஸும் தொட்டிருக்கும். அடாப்டர் பெட்டி நன்றாக இருந்ததால் ஒயரை மட்டும் முழுதாக மாற்றினோம். அடையாளக் கம்பியும் உள்ள ஒயரைத்தான் போட வேண்டும். இரண்டு கம்பி மட்டும் உள்ளதை ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தந்தால், வீட்டுக்குப் போனதும் அதே அறிவிப்பு வந்து நிற்கும். உங்களிடம் பழைய இரண்டு அடாப்டர்களும் இன்னும் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். இரண்டில் ஒன்றாவது ஒயரோடு போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதை மீட்டுவிடலாம்.

பெட்டியே போயிருந்தால் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், காரணம் உள்ளே எழுதியிருக்கும். வோல்டேஜ் குறைவு மடிக்கணினி அடாப்டரைக் கொல்வதில்லை. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்படி செய்யப்பட்டது என்பதால், மாலையில் விசைத்தறிகளும் மோட்டார்களும் ஓடி 170க்கு இறங்கினாலும் அது வேலை செய்யும். இதற்கென்று ஸ்டெபிலைசர் வாங்குவது வீண் செலவு. மிகை வோல்டேஜ்தான் கொல்லும். மூன்று ஃபேஸ் லைனில் கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ நியூட்ரல் அறுந்தால் ஒரு ஃபேஸில் வோல்டேஜ் சரிந்து இன்னொன்றில் 400 வரை ஏறக்கூடும். சில வீடுகளில் பல்புகள் மங்கி, சில வீடுகளில் கண் கூசும்படி எரிவது அதன் அறிகுறி. அடாப்டருக்குள் முதலில் இருக்கும் பெரிய மின்தேக்கி பொதுவாக 400 வோல்ட் தாங்குவது. 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாகும்போது ஏறத்தாழ 325 ஆகிறது, அதற்கு அது போதும். 400 வோல்ட் ஏசி வந்தால் 565 ஆகிவிடும். மின்தேக்கியின் தலை உப்பி வெடித்து, ஃபியூஸ் கருகியிருந்தால் உங்கள் லைனில் இது நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டும் அப்படியே போயிருந்தால் புதிய அடாப்டருக்கு முன் செய்ய வேண்டியது, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து நியூட்ரல் இணைப்பைப் பார்க்கச் சொல்வதும், மெயின் போர்டில் மிகை வோல்டேஜ் வந்தால் துண்டிக்கும் சாதனம் ஒன்றைப் போடுவதும்தான். நெடுந்தூரம் வெட்டவெளியில் கம்பி வரும் தோட்டத்து வீடுகளில் இடியும் ஒரு காரணம். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் வானம் முழங்கத் தொடங்கியதும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. ஸ்பைக் பஸ்டர் சிறு அதிர்வுகளைத் தாங்கும், அருகில் விழும் இடியை அது தாங்காது.

இப்போது எக்ஸ்டென்ஷனுக்கு வருகிறேன். மடிக்கணினி மட்டும் ஓடும் வரை அது சன்னமாக இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஒரு ஆம்பியர்கூட இல்லாத அதற்கு எந்த ஒயரும் போதும். ஆபத்து, அதே பெட்டியில் மீதமிருக்கும் ஓட்டைகளில்தான் இருக்கிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர், 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். முக்கால் ஸ்கொயர் எம்.எம். ஒயர் பத்து மீட்டர் என்றால் போகவும் வரவுமாக இருபது மீட்டர் செம்பு, ஏறத்தாழ அரை ஓம். அதில் 6 ஆம்பியர் ஓடினால் மூன்று வோல்ட் குறையும், அது பெரிதில்லை. ஆனால் ஒயர் நெடுக 18 வாட் சூடு உண்டாகும். தரையில் பரந்து கிடந்தால் அந்தச் சூடு ஆறிவிடும். மீதி ஒயரைச் சுருட்டிக் கட்டி மெத்தைக்குப் பின்னாலோ பாய்க்கு அடியிலோ தள்ளி வைத்திருந்தால் சூடு போக வழியில்லாமல் உறை இளகும். சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறுவதால், ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சுவரில் 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மேல் ஆம்பியர் ஓடினால் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது இந்த ஒயரைக் காப்பாற்றாது. எம்.சி.பி. சுவருக்குள் இருக்கும் ஒயருக்காக அளந்து போட்டது, நீங்கள் வெளியே இழுத்த சன்ன ஒயர் எரிந்துகொண்டிருந்தாலும் அது விழாமல் நிற்கும்.

வீட்டில் யார் எதைச் சொருகுவார்கள் என்று காவல் காக்க முடியாது என்பதால், மூன்று கோர், 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரில், தேவையான அளவுக்கு மட்டும் நீளமாக ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். கடைகளில் இன்னும் 23/76, 40/76 என்றே (இழைகளின் எண்ணிக்கை, ஓர் இழையின் கனம்) கேட்டு வாங்குகிறார்கள். முதலாவது முக்கால் ஸ்கொயர் எம்.எம்.முக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவது ஒன்றுக்குச் சற்று அதிகம். உறையின் மேல் ஐ.எஸ். 694 என்றும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சாகியிருக்க வேண்டும். நுனியைச் சீவி ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவப்பாக இருந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம், வாங்காதீர்கள். மேலே வெள்ளையாக இருந்து உள்ளே சிவப்பாக இருந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு, அது நல்லதுதான். எக்ஸ்டென்ஷனுக்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் சொருகாதீர்கள். பின் கருத்திருந்தாலோ, பிளக்கைத் தொட்டால் சுட்டாலோ அந்தச் சாக்கெட்டின் கவ்வு தளர்ந்துவிட்டது, அதை மாற்ற வேண்டும். மகள் அந்த மேசையிலேயே ஆண்டுக்கணக்கில் உட்காரப் போகிறார் என்றால், சுவரில் பைப் அடித்து அங்கேயே ஒரு பாயின்ட் இறக்கிவிடுவது எக்ஸ்டென்ஷனைவிடச் சிறந்த செலவு.

புதிய அடாப்டர் வாங்கும்போது மடிக்கணினி நிறுவனத்தின் சேவை மையத்தில் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குவதே என் பரிந்துரை. விலை மூன்று மடங்கு என்றாலும் சரி. மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012இல் வந்தது, மடிக்கணினி அடாப்டர்களும் அதற்குள் அடங்கும். லேபிளில் தர முத்திரையோடு ஆர் என்ற எழுத்தும் அதன் பின் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணை இட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்று வந்துவிடும், கடையில் நின்றபடியே பார்க்கலாம். கையில் எடுத்தால் காற்றைப் போல் லேசாக இருக்கும் 65 வாட் அடாப்டரை நம்பாதீர்கள். வடிகட்டிச் சுருளை எடுத்துவிட்டிருப்பார்கள்.

மடிக்கணினியில் டைப்-சி துளை வழியாகச் சார்ஜ் ஏறும் வசதி இருந்தால் அது இன்னொரு வழி. பவர் டெலிவரி முறையில் அடாப்டர் 5 வோல்ட்டில் தொடங்கி, மடிக்கணினியோடு பேசிய பிறகுதான் 20 வோல்ட் தரும் என்பதால் அடையாளக் கம்பித் தொல்லை இதில் இல்லை. ஆனால் இங்கும் பாதையில் சன்னமான இடம் கேபிள்தான். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரை, அதாவது 60 வாட் வரைக்கும்தான். அதற்கு மேல் 5 ஆம்பியர் வேண்டுமானால் தன் திறனைத் தானே சொல்லும் சிப் வைத்த கேபிள் வேண்டும். 2021இல் வந்த விரிவாக்கத்தின்படி 240 வாட் வரை போகலாம். கைபேசியோடு வந்த சன்னக் கேபிளில் மடிக்கணினியைப் போட்டுவிட்டு ‘ஏறவே மாட்டேன்கிறது’ என்று வருபவர்கள்தான் அதிகம்.

எலக்ட்ரீஷியன் வரும் நாளில் முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு எக்ஸ்டென்ஷனை மாற்றுங்கள், அடாப்டரைக் கடைசியாக வாங்குங்கள். எர்த் சரியான பிறகும் இப்போதிருக்கும் அந்த மலிவு அடாப்டரில் சுருசுருப்பு நிற்கவில்லையென்றால், அதை மறுபடி சுவரில் சொருக வேண்டாம். ஒயரை அறுத்துவிட்டு மின்கழிவில் போட்டுவிடுங்கள். முழுதாக வைத்திருந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.